குதிரைக்குப் பதிலாக வந்த வண்டி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இந்தியானா மாநிலத்திலே போர்ட் வெயின் என்றொரு தொழில் நகரம் உண்டு. அந்நகரத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து 1980ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆந் தேதி ஒரு மோட்டார் வண்டி வெளியே வந்தது. அதன் பின்னர் அவ்வகை வண்டி எதுவும் அங்கே செய்யப்படவில்லை. இருபது ஆண்டுக் காலத்தில் 5,30,000க்கு மேற்பட்ட வண்டிகளை ஈன்ற ஒரு குடும்பத்தின் கடைப்பிள்ளை அது. ஸ்கவுட் என்பது அதன் பெயர். தமிழிலே சாரணன் எனலாம். படைக்கு முன்னே சென்று வழி பார்த்து வருபவன் என்பது அச்சொல்லின் பழைய பொருள்.

நிலத்திலிருந்து உயர்ந்து நிற்கும் உடல், பருத்த சில்லுகள், நான்கு சில்லுகளுக்கும் எஞ்சினின் வலுவைச் செலுத்தும் ஏற்பாடு, குடும்பத்தாரும் மூட்டை முடிச்சுகளும் ஒருங்கே ஏறத்தக்க இடம் ஆகியவற்றைக் கொண்ட வண்டிகளை இன்று உலகெங்கும் எஸ்.யூ.வி. என்று அழைக்கின்றனர். செல்வர் வீட்டு வாயிலிலே பெருமையோடு நிறுத்தப்படும் இவ்வண்டிக்கு மூதாதையர் யார் என்று தேடினால், ஜீப் வண்டிக்கு அடுத்தபடியாக ஸ்கவுட்டின் பெயரே வந்து நிற்கும். ஆனால் அதனைச் செய்தவர்கள் செல்வர் வீட்டை மனத்திற் கொண்டு செய்யவில்லை. வைக்கோலும் சேறும் படிந்த பண்ணை முற்றத்துக்கென்றே செய்தார்கள். அவ்வாறு செய்ததற்குக் காரணம் அந்தக் கம்பனியின் பிறப்பிலேயே இருந்தது.

1831ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் சைறஸ் மக்கோமிக் என்னும் இளைஞர் குதிரை இழுக்கும் கதிரறுக்கும் இயந்திரம் ஒன்றை வயலிலே ஓட்டிக் காட்டினார். அரிவாள் ஏந்திய கைகள் பல சேர்ந்து நாள் முழுதும் அறுக்கும் கோதுமையை ஒரு பொறி அறுத்துத் தள்ளுவதைக் கண்டோர் முதலில் நம்பவில்லை. பின்னர் நம்பாதிருக்க முடியவில்லை. 1847இல் மக்கோமிக் சிக்காகோ நகரிலே தமது தொழிற்சாலையை அமைத்தார். அவருடைய மரணத்தின் பின்னர், 1902ஆம் ஆண்டில், மக்கோமிக் கம்பனியும் அதற்கு நெடுநாட் போட்டியாக இருந்த டியரிங் கம்பனியும் வேறு சிலவும் ஒன்று சேர்ந்து இன்டர்நாஷனல் ஹாவெஸ்டர் என்ற மாபெரும் நிறுவனமாயின. ஹாவெஸ்டர் என்றால் அறுவடை செய்பவன் என்று பொருள். அறுவடை இயந்திரமும் உழவு இயந்திரமும் லொறியும் செய்து, அமெரிக்கக் கமக்காரனுக்கு வேண்டியன எல்லாவற்றையும் கொடுப்பதே அதன் வியாபாரம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்பு குளிர்சாதனப் பெட்டியுங்கூடச் செய்து விற்றது. அது 1955 வரையிலே நடந்தது. பால் கறப்பவனுக்கும் பால் கெடாமல் வைப்பவளுக்கும் ஒரே கம்பனியின் முத்திரை தெரிய வேண்டும் என்று விரும்பினார்கள் போலும்.

போருக்குப் பிற்பட்ட காலத்தில் ஹாவெஸ்டர் நிருவாகத்தின் கண்ணில் ஒரு வெற்றிடம் பட்டது. போர்க்களத்திலே பெயர் பெற்ற ஜீப் வண்டி 1945 முதல் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டு வந்தது. பண்ணைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் அதனை வாங்கியோர் பலர். இருப்பினும் அது போருக்காகப் பிறந்த வண்டி. மழைக்கும் குளிருக்கும் ஒதுங்க முடியாது, பொருள் ஏற்றவும் இடம் போதாது. ஹாவெஸ்டர் கம்பனியிடம் லொறியின் அடிச்சட்டத்தின் மேல் பெரிய உடலைப் பொருத்திய ட்ராவலால் என்ற வண்டி 1953 முதல் இருந்தது. அதுவோ மிகப் பெரிது. இவ்விரண்டுக்கும் நடுவே, சிறிய, மலிந்த, எங்கும் போகத்தக்க வண்டி ஒன்று செய்தால் விலைபோகுமா என்ற கேள்வி எழுந்தது.

கம்பனியின் லொறிப் பிரிவிலே வடிவமைப்புத் தலைவராக இருந்த டெட் ஓர்னாஸ் என்பவரிடம் இந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. என்ன மாதிரியான வண்டி வேண்டும் என்பதற்கு அவருக்குக் கிடைத்த விளக்கம் மிகச் சுருக்கமானது: குதிரையின் இடத்தை நிரப்பும் வண்டி வேண்டும். சொகுசு எதுவும் வேண்டா. இந்த ஒரு வரியை எண்ணிப் பார்த்தால் அதன் ஆழம் விளங்கும். மேய்ச்சல் நிலத்திலே குதிரை செய்யும் வேலை யாது? வேலி ஓரமாகச் சென்று அறுந்த கம்பியைப் பார்ப்பது. வழி தவறிய கன்றைத் தேடுவது. சேற்றிலும் மேட்டிலும் தயங்காமல் நடப்பது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் கொண்டுபோய் விடுவது. வேலைநாளுக்கு ஒன்று, ஓய்வுநாளுக்கு ஒன்று என்று இரண்டு குதிரை வைத்திருக்க எல்லாராலும் முடிவதில்லை. ஆகவே வண்டியும் இரண்டு வேலைக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டியதாயிற்று.

ஓர்னாசும் அவருடைய கூட்டத்தாரும் முதலில் பிளாஸ்டிக்கினால் உடல் அமைக்க எண்ணினர். பிளாஸ்டிக் கறள் பிடியாது. பெரிய உருக்கு அச்சுகளுக்கு வேண்டிய முதலும் மிச்சமாகும் என்பது கணக்கு. ஆயினும் ஆராய்ந்து பார்க்கையில் செலவு கட்டுப்படியாகவில்லை. கடைசியில் வழமை போல உருக்குத் தகட்டையே நாடினார்கள். அந்த முடிவு பின்னாளில் வண்டியின் பெருங்குறையாக வந்து நின்றது. ஸ்கவுட் வண்டியை அறிந்தோர் அதன் வலிமையைப் புகழ்ந்து முடித்தவுடன் அடுத்த மூச்சிலே கறளைப் பற்றித்தான் பேசுவர். பனிக்காலத்தில் வீதிகளிலே உப்புத் தூவும் வழக்கம் அமெரிக்காவின் வட பகுதிகளில் உண்டு. உறைபனி உருகுவதற்காக அவ்வாறு செய்வர். அந்த உப்பு நீர் வண்டியின் தரைத் தகட்டிலும் மடிப்புகளிலும் தங்கி, எஞ்சின் தேயுமுன்னே உடலைத் தின்றுவிட்டது.

எஞ்சினுடைய கதை வேறு; அது கெட்டிக்காரத்தனமான கதை. புதிய எஞ்சின் ஒன்றை ஆதியிலிருந்து அமைப்பதென்றால் வார்ப்பு அச்சுகள், கடைசல் இயந்திரங்கள், அவற்றை நிறுவ இடம் என்று பெரும்பொருள் விழுங்கும். எத்தனை வண்டி விற்கும் என்றே தெரியாத நிலையில் அவ்வளவு பணத்தைக் கொட்டுவதற்கு நிருவாகம் உடன்படாது. ஆனால் கம்பனியின் கையிலே லொறிகளுக்கென்று செய்யப்பட்ட எட்டு உருளை எஞ்சின் ஒன்று இருந்தது. அதன் கொள்ளளவு 304 கன அங்குலம். எட்டு உருளைகளும் இரண்டு வரிசையாக, வரிசைக்கு நான்காக, ஆங்கில வி எழுத்தைப் போலச் சாய்ந்து நிற்கும். நேயர்கள் தம் இரு கைகளையும் மணிக்கட்டிலே சேர்த்து, பெருவிரலை மடித்து, மற்றை நான்கு விரல்களையும் நீட்டிப் பக்கத்துக்கொன்றாகச் சாய்த்துப் பார்த்தால் அந்த எஞ்சினின் உருவம் தோன்றும். இனி ஒரு கையை எடுத்துவிட்டால், மற்றக் கை நான்கு விரலோடு ஒரு பக்கம் சாய்ந்தபடியே நிற்குமல்லவா? ஹாவெஸ்டர் பொறியியலாளர் செய்தது அதுவே. எட்டு உருளை எஞ்சினின் ஒரு பாதியை நீக்கினார்கள். 304இல் பாதியாகிய 152 கன அங்குலக் கொள்ளளவுடைய, 45 பாகை சாய்ந்த நான்கு உருளை எஞ்சின் கிடைத்தது. நமது அளவில் ஏறக்குறைய 2.5 இலீற்றர், வலு 93 பரிவலு.

இதன் பயன் சிக்கனம் மட்டுமன்று. முசலம், அதனை அசைக்கும் தண்டு, வால்வுகள், உருளைத் தலை முதலிய உறுப்புகள் பெரிய எஞ்சினுக்கும் சிறிய எஞ்சினுக்கும் பொதுவாயின. லொறிக்கு உதிரிப் பாகம் வைத்திருக்கும் கிராமத்து முகவர் ஸ்கவுட்டுக்கும் உடனே எடுத்துக் கொடுக்கலாம். லொறியைத் திருத்தப் பழகிய கை இதனையும் திருத்தும். மறுபக்கத்தில் குறையும் உண்டு. பெரிய உருளைகள் நான்கு சேர்ந்து இயங்கும்போது அதிர்வு அதிகம். எட்டு உருளை எஞ்சினுக்குரிய அமைதி அதில் இராது. ஓட்டுபவர் கையிலும் இருக்கையிலும் அந்த நடுக்கம் ஏறி வரும். அதைப் பெரிதுபடுத்தாதவர்களே அன்று அவ்வண்டியை வாங்கினர். பின்னர் 392 கன அங்குல எஞ்சினையும் இதே முறையிற் பாதியாக்கி 196 கன அங்குல நான்கு உருளை எஞ்சினைச் செய்தார்கள். ஒரு வித்தை பலித்துவிட்டால் மறுமுறையும் செய்து பார்ப்பது இயல்புதானே.

வண்டியின் உடல் அமைப்பு குதிரைச் சேணம் போல எளிமையானது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 100 அங்குலம். கூரையை ஆணி கழற்றித் தூக்கி எடுத்துவிடலாம், கதவுகளையும் கழற்றலாம், முன் கண்ணாடியை முன்புறமாக மடித்துச் சாய்க்கலாம். வேண்டுமானால் முன்பாதிக்கு மட்டும் கூரையிட்டுப் பின்பாதியைப் பாரம் ஏற்றும் தட்டாக வைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் முழுமைக்கும் கூரை போட்டுப் பிள்ளைகளை ஏற்றலாம். தொடக்க வண்டிகளில் பக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி கிடையாது; அலுமாரிக் கண்ணாடி போல இழுத்துத் திறக்க வேண்டும். மழை துடைக்கும் தண்டுகள் முன் கண்ணாடியின் மேல் விளிம்பிலே தொங்கின. அவற்றை இயக்கியது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வெற்றிட விசை. மேட்டிலே வண்டி முக்கி ஏறுகின்ற வேளையில் அவ்விசை தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் ஏற்றத்தில் ஏறுபவனுக்குக் கண்ணாடி துடைப்பான் ஓய்வெடுத்துக்கொள்ளும் என்பது பொருள். இத்தகைய குறைகள் பலவற்றை 1965ஆம் ஆண்டில் வந்த 800 என்ற வகையிலே திருத்தினார்கள்.

நான்கு சில்லு ஓட்டம் என்பது யாது என்று கேட்போருக்கு இங்கே சிறிது விளக்கம் வேண்டும். பொதுவான வண்டியில் எஞ்சினின் வலு இரண்டு சில்லுகளுக்கே செல்லும். அவ்விரண்டில் ஒன்று சேற்றிலே வழுக்கினால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். ஸ்கவுட்டிலோ பற்சில்லுப் பெட்டிக்குப் பின்னே இன்னொரு சிறு பெட்டி உண்டு. ஒரு பிடியைத் தள்ளினால் வலுவைப் பின்னச்சுக்கு மட்டுமோ முன்னச்சு பின்னச்சு இரண்டுக்குமோ அனுப்பும் பகிர்வுப் பெட்டி அது. மற்றுமொரு நிலையிலே வைத்தால் சில்லின் வேகம் இரண்டு மடங்குக்கு மேலாகக் குறைந்து, அந்த அளவுக்குத் திருப்பும் விசை கூடும். ஆள் நடக்கும் வேகத்திலும் மெதுவாக, பாறை மேல் காலை வைத்து வைத்து ஏறுவது போல வண்டி ஏறும்.

எனில் எப்போதும் நான்கு சில்லிலும் ஓட்டினால் என்ன? அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டி வளையும்போது முன் சில்லுகள் பெரிய வட்டத்திலும் பின் சில்லுகள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகையால் ஒரே நேரத்தில் முன் சில்லுகள் அதிக தூரம் உருள வேண்டும். வலப்பக்கச் சில்லுக்கும் இடப்பக்கச் சில்லுக்கும் இடையே இவ்வேறுபாட்டை விட்டுக்கொடுக்கும் பற்சில்லுத் தொகுதி எல்லா வண்டிகளிலும் உண்டு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே ஸ்கவுட்டில் அது இல்லை. சேற்றிலோ மணலிலோ சில்லு சிறிது சறுக்கி அந்தக் கணக்கைச் சரிப்படுத்திக்கொள்ளும். தார் வீதியிலே சறுக்க இடமில்லை. றப்பர் தேயும், அச்சு முறுகும், சுக்கான் கல்லாய் இறுகும். எனவே நல்ல வீதிக்கு இரண்டு சில்லு, கெட்ட நிலத்துக்கு நான்கு சில்லு என்று ஓட்டுபவரே நிலம் அறிந்து மாற்ற வேண்டும். முன் சில்லுகளின் நடுவிலே கையால் திருகும் பூட்டு வைத்த வண்டிகளில், ஓட்டுபவர் இறங்கி, சேற்றில் கால் வைத்து, இரண்டு பக்கத்தையும் திருகிவிட்டு மீண்டும் ஏற வேண்டும். இன்றைய வண்டிகளிலே ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சாய்ந்திருப்போர் அந்தக் காலத்து உழைப்பை அறியமாட்டார்.

ஸ்கவுட்டின் பல உருவங்களில் ஒன்றை நம் நாட்டு நேயர்கள் விசேடமாகக் கவனிப்பர். இங்கே வண்டிகள் வீதியின் இடப்புறம் செல்வதால் சுக்கான் வலப்புறம் இருக்கிறது. அமெரிக்காவிலே இது தலைகீழ். ஆயினும் அமெரிக்கத் தபாற் பகுதியினர்க்கென்று வலப்புறச் சுக்கான் வைத்த ஸ்கவுட்டுகள் செய்யப்பட்டன. கிராம வீதிகளில் ஒவ்வொரு வீட்டின் தபாற் பெட்டியும் வீதியின் வலப்பக்க ஓரத்திலே கம்பத்தில் நிற்கும். தபாற்காரர் இறங்காமலே கையை நீட்டிக் கடிதத்தைப் போட வேண்டுமானால் அவர் வலப்பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். சிறு ஊர்களின் தபாலையும் குதிரைதான் முன்னர் சுமந்தது என்பதை நினைத்தால், ஓர்னாசுக்குக் கிடைத்த அந்த ஒரு வரி விளக்கம் இங்கும் பொருந்தி வருகிறது.

வண்டி 1960ஆம் ஆண்டின் இறுதியிலே உற்பத்தியாகத் தொடங்கி, 1961இன் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. நிருவாகம் எதிர்பார்த்ததிலும் அதிகமாக விலைபோனதால் உற்பத்தியைக் கூட்ட வேண்டியதாயிற்று. அதனை விற்றவர்கள் பெரும்பாலும் உழவு இயந்திரம் விற்கும் முகவர்களே. இதுவே அவ்வண்டியின் பலம். இதுவே அதன் பலவீனம். கமக்காரன் அறுவடைப் பொறிக்குக் கத்தி வாங்கப் போன இடத்தில் ஸ்கவுட்டையும் கண்டான்; தெரிந்த முகவர், தெரிந்த கடன் கணக்கு. ஆனால் நகரத்து எழுதுவினைஞரோ வைத்தியரோ உழவு இயந்திரக் கடைக்குள் நுழைவாரா? அவருடைய பணம் வேறெங்கோ போயிற்று.

போன இடமும் விரைவிலே தெரிந்தது. போர்ட் கம்பனி, ஜீப்பையும் ஸ்கவுட்டையும் வைத்திருந்தோரிடம் விசாரித்து அவர்கள் குறையாகக் கண்டவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, 1965இல் பிறொங்கோ என்ற தன் வண்டியை வெளியிட்டது. 1969ஆம் ஆண்டு வகையாக ஷெவ்றலே கம்பனியின் பிளேசர் வந்தது. லொறி ஒன்றைச் சுருக்கிச் செய்த, இடம் மிக்க வண்டி. இவ்விரு நிறுவனங்களுக்கும் ஒவ்வோர் ஊரிலும் கார் விற்கும் கடை உண்டு. ஹாவெஸ்டர் தொடக்கி வைத்த சந்தைக்குள் ஹாவெஸ்டரை விடப் பெரியவர்கள் வந்து அமர்ந்துவிட்டனர்.

அவர்களுக்கு மறுமொழியாக 1971இல் இரண்டாம் ஸ்கவுட் வந்தது. அச்சுகளின் இடைத்தூரம் அதே 100 அங்குலம். உடல் மட்டும் நீண்டு, தாழ்ந்து, நேர்கோடுகளால் அமைந்தது. 345 கன அங்குல எட்டு உருளை எஞ்சின் வரை தெரிந்தெடுக்கலாம். தானே பற்சில்லு மாற்றும் பெட்டி, சுக்கானை இலகுவாக்கும் பொறி, குளிரூட்டி என்பனவும் விரும்பினோர்க்குக் கிடைத்தன. குதிரையின் இடத்தை நிரப்ப வந்தது மெல்ல மெல்லக் குடும்பக் கார் ஆகிக்கொண்டிருந்தது. 1976இல் 118 அங்குல இடைத்தூரமுள்ள இரண்டு நீண்ட வகைகள் சேர்ந்தன: பயணத்துக்குரிய ட்ராவலர் ஒன்று, பாரம் ஏற்றும் டெரா மற்றொன்று. 1977ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் பாஹா பாலைவனத்தில் நடந்த புகழ்பெற்ற ஆயிரம் மைல் ஓட்டத்திலே, ஜெரி பூன் ஓட்டிய ஸ்கவுட் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. கல்லும் மணலும் புழுதியும் நிறைந்த அவ்வோட்டத்தை முடிப்பதே பலருக்கு அரிது.

இதற்கிடையே எண்ணெய்ப் பஞ்சம் வந்துவிட்டது. 1973இன் இறுதியில் அராபிய நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியதும் அமெரிக்காவிலே பெற்றோல் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன. எட்டு உருளை எஞ்சினுடைய பாரமான வண்டிக்கு அது கேடுகாலம். ஹாவெஸ்டர் ஜப்பானை நாடிற்று. 1976 முதல் நிசான் கம்பனியின் ஆறு உருளை டீசல் எஞ்சினை இரண்டாம் ஸ்கவுட்டில் பொருத்தி விற்றது. எண்ணெய்ச் செலவு நன்றாகக் குறைந்தது. வேகமும் கூடவே குறைந்தது. 1980இல் அந்த எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிச் செலுத்தும் டேர்போவும் பூட்டினார்கள். ஆனால் அது வண்டிக்குக் கடைசி ஆண்டாயிற்று.

ஸ்கவுட்டைக் கொன்றது எண்ணெய் விலை என்று பலர் சொல்வர். அது பாதி உண்மை. 1977இலே சிறொக்ஸ் கம்பனியிலிருந்து ஆர்ச்சி மக்காடெல் என்பவர் ஹாவெஸ்டருக்கு வந்து தலைமை ஏற்றார். செலவைக் குறைப்பதில் வல்லவர் என்று பேர் பெற்றவர். 1979இல் தொழிற்சங்கத்தோடு புதிய ஒப்பந்தம் பேச வேண்டிய வேளை வந்தது. ஹாவெஸ்டர் தொழிலாளர்க்கு நெடுங்காலமாக ஓர் உரிமை இருந்தது: மேலதிக நேர வேலையை விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். அதனைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நிருவாகம் நின்றது. விட்டுக்கொடோம் என்று சங்கம் நின்றது. 1979 நவம்பர் 1ஆந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறக்குறைய 35,000 தொழிலாளர் வெளியே நின்றனர். பனிக்காலம் முழுவதும் கழிந்து, 172 நாட்களின் பின்னர், 1980 ஏப்பிரலில் அது முடிந்தது. மேலதிக வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளரிடமே இருந்தது. ஆறு மாத ஊதியத்தை இழந்து அதைக் காத்தார்கள். அந்த ஆண்டில் கம்பனி கண்ட நட்டம் ஏறக்குறைய 40 கோடி டொலர்.

அதே 1980ஆம் ஆண்டில், பங்குகள் வாங்குவதற்கென மக்காடெல்லுக்குக் கம்பனி கொடுத்திருந்த 18 இலட்சம் டொலர்க் கடனை இயக்குநர் சபை தள்ளுபடி செய்தது. ஒப்பந்தப்படி அது முறையானதே எனினும், ஆறு மாதம் வெறுங்கையோடு நின்ற குடும்பங்களின் காதில் அச்செய்தி எப்படி விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1982 மே மாதத்தில் அவர் பதவி விலகினார்.

பணமுடை வந்த வீட்டிலே முதலில் விற்கப்படுவது அன்றாடத் தொழிலுக்கு வேண்டாத பொருள்தான். ஹாவெஸ்டருக்குக் கதிரறுக்கும் பொறியும் லொறியும் உயிர், ஸ்கவுட் அவ்வாறன்று. அந்த வரிசையை முழுமையாக வேறொருவருக்கு விற்க முயன்றார்கள், கைகூடவில்லை. ஆகவே ஒக்டோபர் 21ஆந் தேதியோடு நிறுத்திவிட்டனர். வியப்பு என்னவென்றால், நாலைந்து ஆண்டுக்குள்ளேயே அமெரிக்கக் குடும்பங்கள் இத்தகைய வண்டிகளைத் தேடித் தேடி வாங்கத் தொடங்கின. 1984ஆம் ஆண்டு வகையாக வந்த சிறிய ஜீப் செறோக்கி விற்ற விற்பனை, அந்தச் சந்தை எவ்வளவு பெரிதென்பதைக் காட்டிவிட்டது.

ஸ்கவுட்டோடு நிற்கவில்லை கம்பனியின் இறக்கம். வட்டி வீதம் வானளாவ உயர்ந்து, கமக்காரர் கடனில் அமிழ்ந்து, உழவு இயந்திரம் வாங்குவோர் அருகினர். 1982ஆம் நிதியாண்டில் மட்டும் நட்டம் 160 கோடி டொலரைத் தாண்டியது. லொறி செய்யும் தொழிற்சாலைகள் இரண்டில் ஒன்றை மூடியாக வேண்டும் என்று நிருவாகம் அறிவித்தது: ஒன்று இந்தியானாவிலுள்ள போர்ட் வெயின், மற்றது ஒகையோவிலுள்ள ஸ்பிறிங்பீல்ட். இரண்டு நகரங்களும் ஒன்றுக்கொன்று போட்டியிட்டுக் கம்பனிக்குப் பண உதவி தருவதாக முன்வந்த காட்சி வருந்தத்தக்கது. ஒரு தாயின் இரு பிள்ளைகள் ஒரு பிடி சோற்றுக்கு வாதாடியது போல அது இருந்தது. ஸ்பிறிங்பீல்ட் பிழைத்தது. 1923இல் தொடங்கி, நல்ல காலத்தில் 10,000க்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுத்த போர்ட் வெயின் தொழிற்சாலை 1983 யூலையில் மூடப்பட்டது. தந்தையும் மகனும் ஒரே வாயிலால் வேலைக்குச் சென்ற குடும்பங்கள் அந்நகரிலே அநேகம். பலர் ஸ்பிறிங்பீல்டுக்கு இடம் மாறினர். பலர் வேறு ஊர்களுக்குச் சிதறினர்.

1985இல் உழவு இயந்திரப் பிரிவும் ரெனெக்கோ கம்பனிக்குக் கைமாறி, அதன் கேஸ் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அறுவடை செய்பவன் என்ற பெயரும் அதனோடு போயிற்று. எஞ்சிய லொறிக் கம்பனி 1986இல் நவிஸ்டார் என்று பெயர் சூடிக்கொண்டது. ஸ்கவுட் என்ற பெயரின் உரிமை மட்டும் அதனிடம் பெட்டிக்குள் கிடந்தது.

பழைய வண்டிகளோ பெட்டிக்குள் கிடக்கவில்லை. உப்பு வீதிகளைக் காணாத மேற்கு மாநிலங்களில், உலர்ந்த காற்றிலே தப்பிப் பிழைத்த ஸ்கவுட்டுகளைத் தேடி வாங்கித் திருத்துவோர் கூட்டம் பெருகியது. ஒரு காலத்தில் ஆடு மேய்ப்பவன் வைத்திருந்த வண்டி பெருவிலைக்கு ஏலம் போகிறது. போர்ட் வெயின் நகரிலே பழைய தொழிலாளரும் வண்டி வைத்திருப்போரும் கூடும் விழாக்களும் நடக்கின்றன. தாம் பூட்டிய ஆணிகள் இன்னும் இறுக்கமாக இருப்பதை முதியவர்கள் அங்கே காட்டிப் பேசுவர்.

2021ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வோல்க்ஸ்வாகன் கூட்டத்தைச் சேர்ந்த லொறிக் கம்பனி நவிஸ்டாரை முழுமையாக வாங்கியது. லொறிகளோடு அந்தப் பழைய பெயரும் சேர்ந்து வந்தது. மறு ஆண்டிலேயே ஸ்கவுட் என்ற பெயரில் மின்சார வண்டி செய்யும் எண்ணத்தை வோல்க்ஸ்வாகன் அறிவித்தது. தென் கரோலினா மாநிலத்தின் பிளைத்வுட் என்னும் இடத்தில் 2024இன் தொடக்கத்திலே தொழிற்சாலைக்கு நிலம் வெட்டினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் இரண்டு மாதிரி வண்டிகளை மக்களுக்குக் காட்டினர். அவற்றின் பெயர்கள் ட்ராவலர், டெரா. 1976இல் வைத்த அதே பெயர்கள்.

அவை மின்கலத்தால் ஓடுபவை. நெடுந்தூரம் போவோர் மின்சாரம் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சுவர் என்பதற்காக, விரும்பினோர்க்குச் சிறிய பெற்றோல் எஞ்சின் ஒன்றையும் உள்ளே வைத்துத் தர ஏற்பாடு செய்திருக்கின்றனர். அது சில்லைச் சுழற்றாது. ஓடுகையிலே மின்கலத்துக்கு மின்சாரம் ஊட்டுவது மட்டுமே அதன் வேலை. அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ஹாவெஸ்டர்.